விரல்கள் வளைந்த கண் வைத்தியர்

டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியின் கதையை என் மகள் வாசிக்கத்தான் கேட்டேன். பதுளையில் கண் கிளினிக் வாங்கில் இலக்கம் வரும்வரை காத்திருந்த ஒரு காலை அது. வெளிச்சம் பட்டாலே என் இடது கண் வலித்தது, ஃபோனைப் பார்க்க முடியாது.

83 கலவரத்தோடு பசறைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வவுனியாவுக்குப் போன குடும்பம் எங்களுடையது. 2009இல் முகாமிலிருந்து வெளியே வந்து, மறுபடியும் இந்த மலைக்கே திரும்பினோம். சில வருடங்களில் கண் சிவந்தது. சாதாரண கண்நோய் என்று நினைத்து இரண்டு கிழமை வீட்டு வைத்தியம் பார்த்தேன். வந்திருந்தது யுவெயிட்டிஸ். கண்ணுக்குள் ஏற்படும் அழற்சி. கிருமியோடு சண்டைபிடிக்க வேண்டிய உடம்பின் காவல் அணுக்கள் சொந்தக் கண்ணையே தாக்குவதாலும் இது வரும் என்று வைத்தியர் விளக்கினார்.

வெங்கடசாமியின் உடம்பும் அவரை இப்படித்தான் தாக்கியது. 1918இல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஆற்று மணலில் எழுதிப் படித்தவர். உறவுப் பெண்கள் மூவர் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, பிரசவ வைத்தியராக ஆசைப்பட்டார். சென்னை ஸ்டான்லியில் படித்து, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே முடக்குவாதம் பிடித்தது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணலாகி, நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். 1948இல் இராணுவத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

பேனா பிடிக்கவே சிரமப்பட்ட கை. பிரசவ வைத்தியம் இனி முடியாது என்றானபோது கண் வைத்தியத்துக்கு மாறினார். வளைந்த விரல்களுக்குக் கத்தி பிடிக்கப் பழக்கினார். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகள் செய்தார். 1976இல் ஓய்வுபெற்றபின் மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டக்கூடியவர்கள் கட்டிய பணத்தில் ஏழைகளுக்கும் பார்வை கிடைத்தது. 2006 ஜூலை 7இல் காலமானார்.

உடம்பு ஏன் தன்னையே தாக்குகிறது என்பதற்கு அவர் காலத்தில் தெளிவான விடை கிடைக்கவில்லை. இன்று ஆய்வாளர்கள் குடலைப் பார்க்கிறார்கள். நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. எதைத் தாக்குவது, எதை விடுவது என்று காவல் அணுக்கள் பழகும் இடங்களில் குடலும் ஒன்று. அங்கே நல்ல நுண்ணுயிர்கள் குறைந்தால் அந்தப் பழக்கம் பிசகலாம். 2015இல் அமெரிக்காவில் எலிகளில் நடந்த ஆய்வில், குடல் பக்டீரியாக்களைக் குறைத்தபோது யுவெயிட்டிஸும் தணிந்தது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் 2018இல், யுவெயிட்டிஸ் நோயாளரின் குடல் பக்டீரியாக்கள் ஆரோக்கியமானவர்களுடையதைவிட மாறுபட்டிருப்பதைக் காட்டியது. முடக்குவாதத்திலும் இதே கேள்வி எழுந்துள்ளது. அந்த நோய் சிலருக்குக் கண்ணையும் தாக்குவதுண்டு.

குடல் மாறியதால் கண் கெட்டதா, நோயால் குடல் மாறியதா என்பது இன்னும் தீரவில்லை. ஆகவே தயிர் சாப்பிட்டால் கண் சுகமாகும் என்று யாரும் நம்பிவிடாதீர்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். மிச்சமிருக்கும் பழைய சொட்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள். முதுகுவலியோ, அடிக்கடி வயிற்றோட்டமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். அவை ஒரே நோயின் பல முகங்களாக இருக்கலாம்.

நான் இரண்டு கிழமை பிந்தினேன். பார்வையில் கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற, மாதம் தவறாமல் பஸ் ஏறுகிறேன். கைவிரல்கள் வளைந்த பிறகும் கத்தி பிடித்த மனிதரை அந்த வளைவுப் பாதையில் நினைத்துக்கொள்வேன்.