வில்லியம் லீஷ்மன்: இரத்தப் பரிசோதனைக்குத் துணைநின்ற இராணுவ நோயியல் மருத்துவர்

காய்ச்சல் நீடிக்கும்போது, மருத்துவர் உங்களுக்கு இரத்தப் பூச்சுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம். இதில் ஒரு துளி இரத்தம் கண்ணாடி வில்லையில் மெல்லியதாகப் பரப்பப்பட்டு, சாயமேற்றப்பட்டு, நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது. இதற்குப் பயன்படும் சாயங்களுள் ஒன்று லீஷ்மன் சாயம். அதை உருவாக்கியவர் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவரான சர் வில்லியம் லீஷ்மன் (1865–1926).

கிளாஸ்கோவில் பிறந்த லீஷ்மன், 1887-இல் இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1890 முதல் 1897 வரை இந்தியாவில் பணியாற்றினார். பின்னர் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவப் பள்ளியில் நோயியல் ஆய்வில் ஈடுபட்டார். கடினமாக இருந்த சாயமேற்றும் முறையை 1901-இல் எளிமையாக்கினார்.

காலா அசார் நோய்க்கிருமி

கல்கத்தாவை அடுத்த டம்டம் முகாமில் காய்ச்சலுக்கு ஆளான படைவீரர் ஒருவர், 1900-இல் நெட்லியில் உயிரிழந்தார். அவருடைய மண்ணீரலில் கண்ட நுண்ணுயிர்களைப் பற்றி லீஷ்மன் 1903 மே மாதம் அறிவித்தார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனோவன், இறந்தவர்களிடம் மட்டுமின்றி, உயிருடன் இருந்த நோயாளியிடமும் அவற்றைக் கண்டறிந்தார். இருவரின் பெயரையும் இணைத்து, ரொனால்டு ராஸ் அக்கிருமிக்கு 'லீஷ்மேனியா டோனோவானி' எனப் பெயரிட்டார். மலேரியா எனப் பலகாலம் தவறாகக் கருதப்பட்ட நோயை, நோயாளி உயிருடன் இருக்கும்போதே பிரித்தறிய இதனால் வழி பிறந்தது.

டைபாய்டு தடுப்பூசி

தென்னாப்பிரிக்கப் போரில் (1899–1902) பிரிட்டிஷ் படைவீரர்கள் சுமார் 8,000 பேர் டைபாய்டினால் இறந்தனர். அல்ம்ராத் ரைட் தொடங்கிய தடுப்பூசி ஆய்வை லீஷ்மன் தொடர்ந்து மேம்படுத்தினார். முதல் உலகப் போரில் படையினருக்கு அத்தடுப்பூசி பரவலாகச் செலுத்தப்பட்டது. படை பன்மடங்கு பெரிதாக இருந்தும் டைபாய்டு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. 1923-இல் இராணுவ மருத்துவப் பணிகளின் தலைமை இயக்குநரான அவர், அப்பொறுப்பில் இருக்கும்போதே காலமானார்.

நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

• காய்ச்சல்கள் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், அவற்றின் காரணமும் சிகிச்சையும் வேறுபடும். மருத்துவர் பரிந்துரைத்த இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

• பரிசோதனைக்கு முன் தாமாகவே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை உட்கொள்ளாதீர்கள்.

• காய்ச்சல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்து, உடல் மெலிவோ வயிற்று வீக்கமோ காணப்பட்டால், உடனே அரசு மருத்துவமனையை அணுகுங்கள். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் தங்கியிருந்தால், அதனையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். காலா அசார் குணப்படுத்தக்கூடிய நோயே. சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கு ஆபத்தாகும்.