அணைக்கட்டுக்குப் பாட்டு கட்டியவர்

எலக்ட்ரிக்கல், சிவில் நண்பர்களே! உங்களுக்கு வுடி கத்ரியைப் பற்றிச் சொல்லியே ஆகணும்.

1912-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பிறந்தவர். முப்பதுகளில் வறட்சியும் புழுதிப்புயலும் அங்கிருந்த விவசாயிகளை ஊரைவிட்டே விரட்டின. இவரும் போர்டு எழுதி வயிற்றைக் கழுவிக்கொண்டு, கிடாரோடு கலிபோர்னியா போனார். பிழைக்க வந்த ஜனங்களைப் பற்றி அவங்க பேச்சிலேயே பாட்டு கட்டினார். மெட்டு பெரும்பாலும் பழசுதான். பிறகு நியூயார்க் ரேடியோவில் கை நிறையச் சம்பளம். இதைப் பாடு, அதைப் பாடாதே என்றதும் உதறிட்டு வந்துட்டார்.

கையில் காசில்லாத 1941-ல், கொலம்பியா நதி மின்சாரத்தை விற்கும் அரசு நிறுவனம் ஒரு மாச வேலை கொடுத்தது. என்ன வேலை? பாட்டெழுதுவது! சம்பளம் 266 டாலர் சொச்சம். முப்பது நாளில் 26 பாட்டு. (நமக்கு ஒரு ரெக்கார்டு நோட்டு முடியல!) கிராண்ட் கூலி அணை, அதில் உழைத்த தொழிலாளி, கரண்டே பார்க்காத பண்ணைவீடு எல்லாம் பாட்டாச்சு. ஊரிழந்த விவசாயிக்குத் தண்ணியும் வெளிச்சமும் வரும்னு மனசார நம்பினார். அதே அணை சால்மன் மீனை மறித்து, பழங்குடிகளின் பிழைப்பைக் கெடுத்ததை அவர் பாடாமல் போனது எனக்குக் குறைதான்.

அம்மாவைக் கொண்டுபோன ஹண்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய் இவரையும் பிடித்தது. 1961-ல் பாப் டிலன் என்ற இளைஞர் ஆஸ்பத்திரிக்கே தேடி வந்து, இவர் பாட்டை இவருக்கே பாடிக் காட்டினார். 1967-ல், 55 வயதில் இறந்தார். அந்த 26-ல் ஒன்றை 1987-ல் வாஷிங்டன் மாநிலம் தன் நாட்டுப்புறப் பாடலாக அறிவித்தது.