சுல்தான் கான்: கபாபிளாங்காவை வென்றவருக்கு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைக்க 2024 வரை ஆனது ஏன்?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஆலங்காயத்தில் ஒரு பள்ளி மாணவி இன்று செஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் என்ன வேண்டும்? ஒரு போன், கொஞ்சம் டேட்டா. அவ்வளவுதான். லண்டனில் இருப்பவரோடு ஐந்து நிமிட ஆட்டம் ஆடலாம். எந்த நகர்த்தலில் சொதப்பினார் என்று இன்ஜின் உடனே காட்டிவிடும். உலக சாம்பியன்களின் ஆட்டங்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன் பஞ்சாபைச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் இதில் எதுவுமே இல்லை. ஓப்பனிங் புத்தகம் படித்ததில்லை, பயிற்சியாளர் இல்லை. சர்வதேச விதிகளே அவருக்குப் புதுசு. ஆனாலும் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை 3 முறை வென்றார், முன்னாள் உலக சாம்பியனைத் தோற்கடித்தார். ஐந்தே ஆண்டுகளில் செஸ் உலகத்திலிருந்து காணாமலும் போனார். அவர்தான் மீர் சுல்தான் கான்.

யார் இந்த சுல்தான் கான்?

இன்றைய பாகிஸ்தானின் குஷாப் பகுதியில் இருக்கும் மித்தா டிவானாதான் சொந்த ஊர். பிறந்த ஆண்டு 1903 என்றும் 1905 என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. அப்பா மியான் நிஜாம் தீன் வீட்டிலேயே சதுரங்கம் சொல்லிக்கொடுத்தார். அப்போது பையனுக்கு 9 வயது. 21 வயதை எட்டும்போது பஞ்சாபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

ஆனால் அவர் ஆடியது நாம் இன்று ஆடும் செஸ் இல்லை. அன்றைய இந்தியாவில் பரவலாக இருந்த நாட்டுமுறைச் சதுரங்கம் அது. விதிகள் பகுதிக்குப் பகுதி மாறும். பொதுவான வித்தியாசங்கள் இவை:

• சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவ முடியாது. எப்போதும் ஒரே கட்டம்தான்.

• கேஸ்லிங், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் நகர்த்திக் கோட்டை கட்டுவது, ஐரோப்பிய முறையில் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம்.

• கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் இஷ்டப்படி ராணியாக மாற முடியாது. எந்தக் காயின் வரிசையில் போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும்.

சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஆட்டத்தின் வேகமே இதில் மாறிவிடும். சிப்பாய்கள் மெதுவாக நகர்வதால், ஐரோப்பிய முறையில் முதல் பத்து நகர்த்தல்களுக்குள் வெடிக்கும் மோதல் இங்கே தாமதமாகத்தான் வரும். பொறுமையாகக் காய்களை அடுக்கி, நீண்ட ஆட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்குவதுதான் இந்த முறையில் வெற்றிக்கு வழி. சுல்தான் கானின் பலமும் பலவீனமும் இங்கிருந்துதான் வந்தன.

லண்டனுக்குப் போனது எப்படி?

மித்தா டிவானா பகுதியின் பெரிய நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான். பிரிட்டிஷ் அரசில் செல்வாக்கு உள்ளவர், செஸ் பிரியர். சுல்தான் கானின் திறமையைக் கேள்விப்பட்டுத் தன் வீட்டில் சேர்த்துக்கொண்டார். ஐரோப்பிய முறை ஆட்டம் அவருக்குக் கற்றுத்தரப்பட்டது அங்கேதான். 1928-ல் நடந்த அகில இந்திய சாம்பியன்ஷிப்பில் சுல்தான் கான் 9 ஆட்டங்களில் 8 வெற்றி, 1 டிரா என்று ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார்.

1929 வசந்த காலத்தில் உமர் ஹயாத் கான் லண்டன் போனபோது அவரையும் கூட்டிப்போனார். முதலில் ஒரு சிறிய பயிற்சிப் போட்டி நடத்திப் பார்த்தார்கள். அதில் சுல்தான் கானுக்குக் கடைசி இடம்தான், அதையும் இன்னொருவரோடு பகிர வேண்டியிருந்தது. ஓப்பனிங் தெரியாததால் ஆட்டம் தொடங்கும்போதே பின்தங்கிவிட்டார். அந்தப் போட்டியில் ஆடிய வில்லியம் வின்டர், ஃபிரெட் யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் அதன் பிறகு அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அதே ஆண்டு கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப் நடந்தது. யாருமே எதிர்பார்க்காத வகையில் சுல்தான் கான் சாம்பியன் ஆனார். லண்டனில் கால் வைத்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

என்னவெல்லாம் சாதித்தார்?

சாம்பியன் ஆன கையோடு இந்தியா திரும்பி, 1930 மே மாதம் மறுபடியும் ஐரோப்பா போனார். அடுத்த மூன்றரை ஆண்டுகள்தான் அவருடைய உச்சம்.

1930-ல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் டார்டகோவருக்கு அடுத்து இரண்டாம் இடம். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் ஆய்வே, கபாபிளாங்கா ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடம். கியூபாவின் ஹோஸே ரவுல் கபாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்தவர். அவரைத் தோற்கடிப்பது அபூர்வமான விஷயம். ஹேஸ்டிங்ஸில் அவர் தோற்றது ஒரே ஆட்டம், அதுவும் சுல்தான் கானிடம். 65 நகர்த்தல் வரை நீண்ட ஆட்டம் அது. அதிரடித் தாக்குதல் எதுவும் இல்லாமல், இடத்தை மெல்ல மெல்லப் பிடித்து நெருக்கியே ஜெயித்தார். நாட்டுமுறைச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த பொறுமை அங்கே நன்றாகவே தெரிந்தது.

1931-ல் டார்டகோவரோடு 12 ஆட்டங்கள் கொண்ட நேரடி மோதலில் 4 வெற்றி, 5 டிரா, 3 தோல்வி என்று வென்றார். 1932, 1933 ஆண்டுகளில் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியன்.

செஸ் ஒலிம்பியாட்டில் 3 முறை (ஹாம்பர்க் 1930, பிராக் 1931, ஃபோக்ஸ்டன் 1933) இங்கிலாந்து அணியின் முதல் போர்டில் ஆடினார். முதல் போர்டு என்றால் ஒவ்வொரு நாட்டின் நம்பர் ஒன் ஆட்டக்காரரோடும் மோத வேண்டும். பிராக்கில் ஃபுளோர், ரூபின்ஸ்டீன் இருவரையும் வென்றார். அன்றைய உலக சாம்பியன் அலெகைனோடு டிரா செய்தார்.

உடம்பு இதற்கெல்லாம் ஒத்துழைக்கவில்லை. இங்கிலாந்துக் குளிர் அவருக்கு ஆகவே இல்லை. காய்ச்சல், சளி, தொண்டைவலி என்று அடிக்கடி படுத்தியது. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வந்து ஆடிய நாட்களும் உண்டு.

ஓப்பனிங் அறிவு ஏன் இவ்வளவு முக்கியம்?

செஸ் ஆட்டத்தை ஓப்பனிங், மிடில்கேம், எண்ட்கேம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மிடில்கேமில் கணக்குப் போடும் திறமை கை கொடுக்கும். எண்ட்கேமில் துல்லியம் வேண்டும். ஓப்பனிங் மட்டும் பெரும்பாலும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பல நூறு பேர் பல பத்தாண்டுகளாக ஆடிப் பார்த்து எழுதிவைத்ததை ஒருவர் போர்டில் உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

சுல்தான் கான் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டத்திலும் அதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. எதிராளி வீட்டில் தயார் செய்துகொண்டு வந்து வேகமாக ஆடும்போது, இவர் ஆரம்பத்திலேயே நேரத்தைச் செலவழித்து, சுமாரான நிலையில் மாட்டிக்கொள்வார். அங்கிருந்து மிடில்கேமிலும் எண்ட்கேமிலும் மீண்டு வருவார். இந்தக் குறையோடு ஒருவர் சாம்பியன் ஆவது அசாதாரணத் திறமை என்று கபாபிளாங்காவே பின்னாளில் எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செஸ் நூல்களுக்கும் இந்தியாவுக்கும் உறவு புதிது கிடையாது. 1814-லேயே பம்பாயில் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவரின் செஸ் நூல், ஐரோப்பிய முறைக்கு ஏற்ப ஆங்கிலத்தில் அச்சானது. 19-ம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி, ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனோடு நிறைய ஆட்டங்கள் ஆடினார். சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி பிஷப்பை ஓரத்தில் நிறுத்தும் அவருடைய பாணி, ஐரோப்பியர்களுக்குப் புதுமையாக இருந்தது. கிங்ஸ் இந்தியன் போன்ற ஓப்பனிங்குகளின் பெயரில் இந்தியா ஒட்டிக்கொண்டதற்கு அந்த ஆட்டங்களைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். இந்தியர்களின் பாணி ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறியது. ஆனால் அந்தப் புத்தகங்கள் சுல்தான் கானின் கைக்கு வந்து சேரவில்லை.

பணியாளா, நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையா?

சுல்தான் கானைப் பற்றி மேற்கில் பரவிய கதை இது: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பணியாள், தன் எஜமானரான மகாராஜாவுக்காக செஸ் ஆடினார். அமெரிக்க ஆட்டக்காரர் ரூபன் ஃபைன் சொன்ன ஒரு சம்பவம் இதற்கு வலு சேர்த்தது. 1933-ல் அமெரிக்க அணி உமர் ஹயாத் கான் வீட்டு விருந்துக்குப் போனதாம். அங்கே அவர்களுக்கு உணவு பரிமாறியவர், முந்தைய நாட்களில் அவர்கள் எதிர்த்து ஆடிய சுல்தான் கானேதானாம்.

இந்தச் சித்திரத்தை அவர் குடும்பம் ஏற்கவில்லை. அவர் நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவர், சமய குருமார்கள் வழிவந்த குடும்பம் அது, அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அவர் பேத்தி எழுதியிருக்கிறார். உமர் ஹயாத் கானும் மகாராஜா கிடையாது. தலைப்பாகை கட்டிய எல்லா இந்தியப் பெரிய மனிதர்களையும் மகாராஜா என்று எழுதுவது அன்றைய மேற்கத்தியப் பழக்கம்.

இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. எந்தப் போட்டியில் ஆடுவது, எப்போது ஊர் திரும்புவது என்ற முடிவு சுல்தான் கான் கையில் இல்லை. உமர் ஹயாத் கான் லண்டனில் இருக்கும்வரை அவருடைய செஸ் நடந்தது. 1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் கிளம்பினார், சுல்தான் கானும் கிளம்பினார். சர்வதேச செஸ் அங்கேயே முடிந்துபோனது. அப்போது வயது 30-ஐ ஒட்டித்தான். ஒரு செஸ் ஆட்டக்காரருக்கு அது முதிர்ச்சி வரும் வயது.

இதே வீட்டிலிருந்து வந்த இன்னொருவர் பாத்திமா. 1933-ல் ஹேஸ்டிங்ஸில் நடந்த பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன்ஷிப்பை 10 வெற்றி, 1 டிராவோடு வென்றார். அதே ஆண்டு, அதே ஊரில்தான் சுல்தான் கான் தன் மூன்றாவது பட்டத்தையும் வாங்கினார். பாத்திமாவும் அவர்களோடு இந்தியா திரும்பினார். அதன் பிறகு போட்டிகளில் அவர் பெயரே இல்லை.

பட்டம் ஏன் இவ்வளவு தாமதம்?

1935-ல் காடில்கரோடு நடந்த 10 ஆட்டங்களில் 9-ஐ வென்று ஒன்றை மட்டும் டிரா செய்தார். அதற்குப் பிறகு சுல்தான் கான் பெரிய போட்டி எதிலும் இல்லை. சொந்த ஊர்ப் பக்கம் விவசாயத்தோடு வாழ்ந்தார். 1947-ல் அந்த ஊர் பாகிஸ்தானுக்குள் போனது.

சர்வதேச செஸ் அமைப்பான ஃபிடே 1950-ல் முதன்முதலாக கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை அறிவித்தது. 27 பேர் பட்டியலில் ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆன ரூபின்ஸ்டீன் போன்றவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பழைய சாதனைகளுக்காகப் பட்டம் தரப்பட்டது. ரூபின்ஸ்டீனை வென்ற சுல்தான் கான் பெயர் மட்டும் இல்லை.

அவர் ஆடியது இங்கிலாந்து அணிக்கு. பிறந்தது பிரிட்டிஷ் இந்தியாவில். வாழ்ந்தது பாகிஸ்தானில். மூன்றில் எந்த நாடும் இவர் எங்கள் ஆள் என்று உரிமை கொண்டாடவில்லை. இன்றுள்ள அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பே 1951-ல்தான் உருவானது. சுல்தான் கான் 1966 ஏப்ரலில் சர்கோதாவில் காசநோயால் இறந்தார். தன் பிள்ளைகளை செஸ் பக்கம் போக விடவில்லை, உருப்படியாக வேறு ஏதாவது செய்யச் சொன்னார் என்று குடும்பத்தினர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

2024 பிப்ரவரியில்தான் ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. இறந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு, பாகிஸ்தானின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

சுல்தான் கான் திரும்பிவந்த பிறகு, 1961-ல்தான் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1970-களில் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் டால் செஸ் கிளப் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சோவியத் புத்தகங்கள், வாரந்தோறும் போட்டி, கூட ஆட ஆட்கள் என்று அங்கே எல்லாம் கிடைத்தன. அங்கே ஆடி வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மாமல்லபுரத்தில் 2022 ஒலிம்பியாட் நடந்தது, 2024-ல் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். பஞ்சாப் இளைஞருக்கு இல்லாத கிளப், நூலகம், பயிற்சியாளர் எல்லாம் சென்னைக்கு வந்த பிறகுதான் இந்த வரிசை தொடங்கியது.

புத்தகப் பிரச்சினையை இன்று போன் கிட்டத்தட்ட தீர்த்துவிட்டது. ஆலங்காயத்தில் இருக்கும் மாணவிக்கும் அண்ணா நகரில் இருக்கும் மாணவிக்கும் கிடைக்கும் இன்ஜின் ஒன்றுதான். ஆனால் ரேட்டிங் போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போக பஸ் செலவு, நுழைவுக் கட்டணம், தங்கும் இடம், கூடவே லீவு போட்டு வரும் ஒரு பெரியவர் எல்லாம் தேவை. அதை எந்த ஆப்பும் தராது. திறமையில் குறையே இல்லாத சுல்தான் கான், செலவு செய்தவர் ஊருக்குக் கிளம்பிய நாளில் செஸ்ஸை விட வேண்டியிருந்தது. ஒரு மாணவியின் ஆட்டம் ஒரே ஒரு ஸ்பான்சரை நம்பி இருக்கும்வரை அதே ஆபத்து இன்றும் இருக்கிறது.

சுல்தான் கானின் ஆட்டங்கள் செஸ் தளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. கபாபிளாங்காவை வென்ற அந்த 65 நகர்த்தல்களை ஒரு முறை பொறுமையாக நகர்த்திப் பாருங்கள். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அவரும் அப்படித்தான் ஆடினார்.