பிரெடரிக் கார்ட்னர் காட்ரெல்

பிரெடரிக் கார்ட்னர் காட்ரெல் (ஜனவரி 10, 1877 – நவம்பர் 16, 1948) ஓர் அமெரிக்க வேதியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஆலைப் புகையில் கலந்துள்ள நுண்தூசியையும் அமிலத் துளிகளையும் மின்புலத்தின் உதவியால் பிரித்தெடுக்கும் நிலைமின் வீழ்படிவியை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இவரே. அக்கண்டுபிடிப்பின் காப்புரிமை வருவாயை அறிவியல் ஆய்வுகளுக்கு அளித்தவர் என்ற வகையிலும் அறியப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லாந்து நகரில் பிறந்தார். 1896இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் ஓக்லாந்து உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தார். பின்னர் ஜெர்மனி சென்று பெர்லினில் வான்ட் ஹாஃப், லைப்சிக்கில் ஆஸ்ட்வால்டு ஆகியோரிடம் பயின்று 1902இல் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பெர்க்லி திரும்பி ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

அமிலப் பனியும் மின்புலமும்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் பினோல் என்னுமிடத்தில் டூபாண்ட் நிறுவனத்தின் வெடிமருந்து ஆலை இருந்தது. அங்குக் கந்தக அமிலம் தயாரிக்கையில் வளிமத்துடன் வந்த ஆர்சனிக் கலந்த அமிலப் பனி, வினையூக்கியைப் பாழாக்கியது. இச்சிக்கலைத் தீர்க்க முயன்ற காட்ரெல் முதலில் நாடியது மின்சாரத்தை அன்று. வளிமத்தை வேகமாகச் சுழற்றித் துளிகளை வெளியே எறியும் முறையையே. ஆய்வகத்தில் பயன் தெரிந்தும் ஆலை அளவில் அது போதவில்லை. சுழற்சியில் கனமான துகள்களே சுவரை நோக்கி எறியப்படும். மைக்ரோமீட்டர் அளவேயான துளிகள் வளிமம் போகும் வழியிலேயே போய்விடும். இக்காரணத்தால் இன்றும் மரத்தூள் போன்ற பருந்தூசிக்கே சுழற்சிப் பிரிப்பான் ஏற்றதாகக் கருதப்படுகிறது.

மின்சாரத்தால் புகையைப் படியவைக்கலாம் என்பது முன்பே தெரிந்த செய்திதான். 1824இல் லைப்சிக்கில் ஹோல்ஃபெல்ட் என்பவர் இதை விவரித்திருந்தார். 1880களில் ஆங்கில இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜின் ஆலோசனையில் வட வேல்சின் பாகில்ட் ஈய உருக்காலையில் முயன்றபோது அது தோல்வியுற்றது. கையாண்ட விம்சர்சுட் மின்னாக்கியின் ஆற்றல் மிகக் குறைவு. அத்துடன் எளிதில் மின்கடத்தாத ஈயப் புகை, இம்முறைக்கு மிகக் கடினமான தூசிகளுள் ஒன்று. கருவியும் தூசியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையே அத்தோல்வி எனலாம்.

காட்ரெலின் காலத்தில் மாறுதிசை மின்சாரமும் மின்மாற்றிகளும் பரவியிருந்தன. மின்மாற்றியால் மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டுக்கு உயர்த்தி, ஒத்தியங்கு மோட்டாரால் சுழலும் ஒரு மாற்றியைக் கொண்டு நேர்மின்னோட்டமாக்கினார். பருத்தி நூல் சுற்றிய கம்பியின் நெடுகிலும் மங்கலான ஒளிர்வு தோன்றுவதைக் கண்டு, நார்களின் நுண்முனைகளே மின்னிறக்கத்தைச் சீராகப் பரப்புகின்றன என உணர்ந்தார். வளிமத்தில் உண்டாகும் அயனிகள் துகள்களின்மேல் ஏறுகின்றன. மின்னூட்டம் பெற்ற துகள்கள் எதிரிலுள்ள தகட்டை அடைந்து படிகின்றன. வளிமம் துணியின் நுண்துளைகளுக்குள் நுழைய வேண்டியதில்லை ஆதலால் அதன் ஓட்டம் தடைப்படுவதில்லை. 1907இல் விண்ணப்பித்த காப்புரிமை (எண் 8,95,729) ஆகஸ்ட் 11, 1908 அன்று வழங்கப்பட்டது.

உருக்காலைகளில்

முறையின் தகுதி செல்பி ஈய உருக்காலையில் தெளிவாயிற்று. ஆலைப் புகைக்கு எதிராகச் சுற்றுவட்டார மக்கள் வழக்குத் தொடுத்திருந்தனர். அங்கு ஊதுலைகளின் புகையைத் துணிப் பைகளால் வடிகட்ட முடிந்தது. வறுப்பு உலைகளின் புகையிலோ கந்தக அமிலம் இருந்ததால் துணி அரிக்கப்பட்டுவிடும். பொன்னையும் வெள்ளியையும் பிரிக்கும் கொப்பரைகளிலிருந்து எழுந்த அமிலப் பனிக்கும் பைகள் உதவா. காட்ரெல் முதலில் கைவைத்தது இந்த மூன்றாவது புகைபோக்கியில்தான். அதன் வெண்புகை மறைந்தது. ஒரே ஆலையின் மூன்று புகைபோக்கிகளுக்கும் ஒரே கருவி ஏற்றதாகாது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

வடகலிபோர்னியாவில் கோரம் என்னுமிடத்தில் இருந்த பாலக்லாலா தாமிர உருக்காலையில் இவரது கருவி தூசியின் பெரும்பகுதியைப் பிடித்தது. ஆயினும் பயிர்களைக் கருக்கிய கந்தக டைஆக்சைடு ஒரு வளிமம்; துகள்களை மட்டும் பிடிக்கும் கருவிக்கு அது அகப்படவில்லை. 1911இல் அவ்வாலை மூடப்பட்டது.

ரிவர்சைடு சிமெண்ட் ஆலையில் நிலைமை வேறு. சூளைத்தூசி ஆரஞ்சுத் தோட்டங்களின் இலைகளில் படிந்ததால் தோட்டக்காரர்கள் நீதிமன்றம் சென்றனர். அங்குத் தீங்கு செய்தது தூசியே. சூளை வளிமத்தின் வெப்பத்தை அக்காலப் பருத்தி, கம்பளிப் பைகள் தாங்கமாட்டா. காட்ரெலின் மாணவர் வால்டர் ஷ்மிட் அங்கு வீழ்படிவிகளை நிறுவினார். முதல் உலகப்போரில் ஜெர்மானியப் பொட்டாஷ் வரத்து நின்றபோது, பிடிபட்ட தூசியிலிருந்த பொட்டாஷ் உரமாக விலைபோயிற்று.

காப்புரிமைக் கொடை

பெருஞ்செல்வம் தரக்கூடிய காப்புரிமைகளைக் காட்ரெலும் கூட்டாளிகளும் பொதுநலனுக்கு அளிக்க முன்வந்தனர். ஸ்மித்சோனியன் நிறுவனம் வணிகத்தில் நேரடியாக இறங்கத் தயங்கியது. எனவே அதன் செயலர் சார்லஸ் வால்காட்டின் துணையுடன் 1912இல் நியூயார்க்கில் ரிசர்ச் கார்ப்பரேஷன் உருவானது. மேற்கு மாநிலங்கள் சிலவற்றின் உரிமை மட்டும் கூட்டாளிகளின் நிறுவனத்திடம் இருந்தது. எர்னஸ்ட் லாரன்சின் சைக்ளோட்ரான், ராபர்ட் காடர்டின் ராக்கெட் ஆய்வு ஆகியன இவ்வமைப்பின் உதவி பெற்றவற்றுள் அடங்கும்.

பிற்காலம்

1911இல் அமெரிக்கச் சுரங்கத் துறையில் சேர்ந்த இவர், 1920இல் குறுகிய காலம் அதன் இயக்குநராக இருந்தார். 1922 முதல் 1930 வரை நைட்ரஜன் நிலைப்படுத்தல் ஆய்வகத்தை வழிநடத்தினார். பன்னாட்டுத் துணைமொழி ஒன்றை உருவாக்கும் இயக்கத்திலும் ஈடுபாடு காட்டினார். 1919இல் பெர்கின் பதக்கம் பெற்றார்.

நிலக்கரி அனல்மின் நிலையங்களில் சாம்பலைப் பிடிக்க 1923இல் டெட்ராய்ட் அருகே இவரது முறை முதன்முதலாகப் பயன்பட்டது. தமிழகத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் இராணிப்பேட்டை ஆலை இவ்வகை வீழ்படிவிகளைத் தயாரித்து வருகிறது. மாவு, மரத்தூள் போன்று தீப்பற்றும் உலர்தூசிக்கு இக்கருவி பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. உள்ளே எழும் மின்பொறி வெடிப்புக்கு வழிசெய்யும்.

பெர்க்லியில் தேசிய அறிவியல் கழகக் கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தபோது காட்ரெல் காலமானார். 1992இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் இவர் பெயர் சேர்க்கப்பட்டது.