இராமானுஜன் விட்டுச்சென்ற வினா

கணித மேதை இராமானுஜன் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன அவர் உழன்ற வறுமையும், தேர்வுகளில் கண்ட தோல்வியும், இளவயதில் நேர்ந்த மறைவுமே. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. 1916 ஆம் ஆண்டில் அவர் எழுதிவைத்த ஒரு வினா, உலகின் தலைசிறந்த கணித அறிஞரை 58 ஆண்டுகள் உழைக்க வைத்தது. அவ்வினாவைக் கொண்டு அவர் வாழ்வை நோக்குவோமாக.

1887 டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடையொன்றில் கணக்கர். பள்ளி நாட்களில், கார் என்பவர் தொகுத்த தேற்ற நூலொன்று இவர் கைக்கு எட்டியது. ஆயிரக்கணக்கான முடிபுகளை அடுக்கிச் சென்ற அந்நூலில் நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவே இருந்தன. அவற்றைத் தாமே நிறுவப் புகுந்த இளைஞர் ஏனைய பாடங்களைக் கைவிட்டார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தோற்றார். பட்டமின்றி, கையில் குறிப்பேடுகளோடு அலைந்தவருக்கு 1912 இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது.

1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவர் வாழ்வின் போக்கை மாற்றியது. 1914 மார்ச்சு 17 ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறி, அடுத்த மாதம் இங்கிலாந்தை அடைந்தார். சில மாதங்களிலேயே உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவே உண்ணும் நோன்பினருக்கு அந்நாட்டு வாழ்வு துன்பம் தந்தது. எனினும் அவர் எழுத்து நிற்கவில்லை.

1916 இல் வெளிவந்த ஆய்வுரையொன்றில் அவர் ஒரு விந்தையான எண் வரிசையை ஆராய்ந்தார். ஒரு மாறியின் ஒவ்வொரு வலுவையும் ஒன்றிலிருந்து கழித்து, வரும் காரணிகளை முடிவின்றிப் பெருக்குக. அப்பெருக்கத்தை 24 ஆம் வலுவுக்கு உயர்த்துக. பின்னர் மாறியால் ஒருமுறை பெருக்குக. விரித்தெழுதினால் வரும் குணகங்கள் 1, -24, 252, -1472, 4830, -6048 என்று செல்லும். இவற்றுக்கு அவர் டௌ என்னும் கிரேக்க எழுத்தைப் பெயராக இட்டார்.

ஒழுங்கற்றவை போலத் தோன்றும் இவ்வெண்களில் அவர் மூன்று ஒழுங்குகளைக் கண்டார். இரண்டாம் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பெருக்கினால் ஆறாம் எண் கிடைக்கிறது. -24 ஐ 252 ஆல் பெருக்கிப் பார்ப்போர் -6048 ஐக் காண்பர். பொதுக் காரணி இல்லாத எவ்விரு இடங்களுக்கும் இது பொருந்தும் என்பது முதலாவது. ஒரு முதன்மை எண்ணின் வலுக்களில் நிற்கும் மதிப்புகள் யாவும் அம்முதன்மை எண்ணின் மதிப்பால் முடிவாகின்றன என்பது இரண்டாவது. முதன்மை எண்ணின் இடத்தில் நிற்கும் மதிப்பு, அம்முதன்மை எண்ணின் 11 ஆம் வலுவினது வர்க்கமூலத்தின் இருமடங்கை விஞ்சாது என்பது மூன்றாவது. முதன்மை எண் 2 ஆயின் அவ்வெல்லை ஏறத்தாழ 90.5, அங்கு நிற்பதோ 24 அளவே. மூன்றுக்கும் அவர் நிறுவல் தரவில்லை. முதலிரண்டையும் மோர்டெல் என்பவர் 1917 இலேயே நிறுவினார். மூன்றாவது எஞ்சி நின்றது.

அதன் விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. அத்திசையை விளக்கக் கண்டி நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் நமக்கு உதவும். அங்கே 12 ஐக் கடந்ததும் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அம்முகத்தில் ஐந்தே குறிகள், 0 முதல் 4 வரை, இருப்பதாகக் கொள்வோம். 3 உம் 4 உம் கூடினால் 2 ஆகும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் யாவும் செய்யத்தக்க இச்சிற்றுலகே முடிவுள்ள புலம் எனப்படும். குறிகளின் தொகை முதன்மை எண்ணாக இருத்தல் வேண்டும்.

இப்புலத்தில் ஒரு வளையியை வரைவோம்: முதலெண்ணின் கனத்திலிருந்து அம்முதலெண்ணைக் கழித்தால் இரண்டாம் எண்ணின் வர்க்கம் வரவேண்டும். இதற்கு இணங்கும் புள்ளிகள் (0,0), (1,0), (4,0), (2,1), (2,4), (3,2), (3,3) என ஏழு. முடிவிலியில் உள்ள ஒன்றையும் சேர்த்தால் எட்டு. இனி, முதலெண்ணின் குறியை மாற்றி, இரண்டாம் எண்ணை இரட்டிப்போம். (2,1) என்பது (3,2) ஆகும். அது (2,4) ஆகும். பின் (3,3) ஆகும். நான்காம் முறை தொடங்கிய இடத்துக்கே மீளும். (1,0) உம் (4,0) உம் இடம் மாறிக்கொள்ளும். ஏனைய இரண்டும் அசையா. நான்கு மாற்றங்கள் கொண்ட ஒரு கூட்டம் வளையியின் மேல் செயற்படுகிறது என்று கணிதர் கூறுவது இதனையே.

முதன்மை எண்ணோடு ஒன்று கூட்டினால் வரும் 6 இலிருந்து நாம் கண்ட 8 வேறுபடுவது 2 ஆல். 5 க்குப் பதிலாக 13 ஐக் கொண்டால் புள்ளிகள் எட்டே, வேறுபாடு 6. இவ்வகை வளையிகளுக்கு அவ்வேறுபாடு முதன்மை எண்ணின் வர்க்கமூலத்தின் இருமடங்கை விஞ்சாது என்று 1930 களில் ஹாசே நிறுவினார். 13 க்கு அவ்வெல்லை 7.2. எல்லா முதன்மை எண்களுக்கும் உரிய வேறுபாடுகளை ஒரே பெருக்கத்தில் கோத்தால் வருவது எல்-சார்பு. இராமானுஜனும் தம் டௌ எண்களை அவ்வாறே கோத்திருந்தார். அவர் கூறிய எல்லையும் அதே வடிவினதே. ஒன்றில் முதன்மை எண்ணின் வர்க்கமூலம். மற்றதில் அதன் 11 ஆம் வலுவின் வர்க்கமூலம்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. எல்லா வளையிகளுக்கும் உரிய எல்லையை 1940 களில் நிறுவிய ஆந்திரே வெயில், உயர் பரிமாண உருவங்களுக்கும் அத்தகைய விதிகள் உண்டு என 1949 இல் முன்மொழிந்தார். நாம் கண்டவை போன்ற வளையிகளைப் பத்துப் பத்தாகப் பெருக்கிக் கட்டிய 11 பரிமாண உருவமொன்றில் டௌ எண்கள் உறைகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. 1974 இல் பெல்சிய நாட்டினரான தெலீன் வெயிலின் விதிகளில் இறுதியானதை நிறுவியபோது இராமானுஜனின் மூன்றாம் கூற்றும் உண்மையென நிலைபெற்றது.

அதனைக் காண இராமானுஜன் இல்லை. 1918 இல் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. திரினிற்றிக் கல்லூரியும் அவரைத் தன் ஆய்வு உறுப்பினராக ஏற்றது. நோயுற்ற உடலோடு 1919 இல் தாயகம் மீண்டார். 1920 ஏப்பிரல் 26 ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். வயது 32.

இருபது ஆண்டுகளின் பின் எழுதிய நூலில் ஹார்டி கூட, டௌ எண்களைப் பற்றிய ஆராய்ச்சி கணிதத்தின் ஒதுங்கிய ஓடையொன்றில் திரும்புவதுபோலத் தோன்றலாம் என்று தயக்கத்தோடே குறித்தார். அவ்வோடை பேராற்றுடன் கலப்பதை அவரும் காணவில்லை. தேர்வுத்தாள் அளக்க அறிந்தது விடைகளையே. வகுப்பில் மாணவனொருவன் நிறுவல் இன்றி ஓர் ஒழுங்கைச் சுட்டிக் காட்டுவானாயின், பாடத்திட்டத்தில் இல்லை என்று கூறுமுன் ஆசிரியர் அதனை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நன்று.