தமையனும் தங்கையும்

அறிவியல் மாணவனாகிய நான் காஃப்காவின் 'உருமாற்றம்' கதையை முதன்முதல் படித்தபோது, அதன் நாயகன் கிரிகர் என்ன பூச்சியாக மாறினான் என்றே ஆராய்ந்து கொண்டிருந்தேன். கதையின் உயிரோ வேறிடத்தில் இருந்தது. பூச்சியான தமையனுக்கு அன்போடு உணவு வைத்தவள் தங்கை கிரேட்டா. அவனை ஒழித்துவிட வேண்டுமென்று முடிவில் சொன்னவளும், அவனை அறைக்குள் வைத்துப் பூட்டியவளும் அவளே. அவள்மீது எனக்குச் சினம் மூண்டது. ஆசிரியரின் வாழ்க்கையை அறிந்தபின் அச்சினம் துயரமாயிற்று.

பிரான்ஸ் காஃப்கா 1883 ஜூலை 3-இல் பிராகு நகரில், யூதக் குடும்பத்தின் தலைமகனாகப் பிறந்தார். அடுத்துப் பிறந்த தம்பியர் இருவரும், இவருக்கு ஐந்து வயது நிறையுமுன்னே மறைந்தனர். பிறகு எல்லி, வல்லி, ஒட்லா என மூன்று தங்கையர் பிறந்தனர். கடைக்குட்டி ஒட்லாவே அவருடைய உற்ற தோழி.

1912-ஆம் ஆண்டில், குடும்பத் தொழிற்சாலையைக் கவனிக்குமாறு வீட்டார் காஃப்காவை நெருக்கினர். என்றும் தம் பக்கம் நிற்கும் ஒட்லாவும் அன்று பெற்றோருடன் சேர்ந்தது அவர் நெஞ்சைத் தைத்தது. சில வாரங்களில் 'உருமாற்றம்' பிறந்தது.

ஆனால் ஒட்லா கிரேட்டா அல்லர். 1916-இல் தாம் வாடகைக்கு எடுத்த சிறு வீட்டை, தமையன் அமைதியாக எழுத ஒழித்துக் கொடுத்தார். 1917-இல் அவரைக் காசநோய் பற்றியபோது, தாம் பயிர் செய்து வந்த சூராவ் சிற்றூருக்கு அழைத்துச் சென்று எட்டுத் திங்கள் பேணினார். 1924 ஜூன் 3-இல் காஃப்கா கண்மூடினார்.

பின் வந்த கொடுமைகளை அவர் காணவில்லை. நாஜிகள் 1941-இல் எல்லியையும் வல்லியையும் லோட்ஸ் நகருக்கு நாடு கடத்தினர், இருவரும் மீளவில்லை. 1942-இல் ஒட்லா தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்டார். 1943 அக்டோபரில், போலந்திலிருந்து கொணரப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை அங்கிருந்து வேறிடம் அனுப்பியபோது, துணையாகச் செல்லத் தாமே முன்வந்தார். வண்டி ஆஷ்விட்ஸ் சென்றது. குழந்தைகளோடு அவரும் கொல்லப்பட்டார்.

நண்பர்களே, ஊரில் தங்கையை விட்டு வந்தவர் நம்முள் பலர், நானும் ஒருவன். அவள் ஒருநாள் மாறுபட்டுப் பேசினால், அதையே அவள் முழு உருவமென்று கொள்ளாதிருப்போமாக. ஒட்லாவின் கதை முடிய இன்னும் முப்பத்தோராண்டு இருந்தது.