வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்துப் பார்த்த வைணு பாப்பு

நண்பர்களே, நம்ம டிவி லேப் ஞாபகம் இருக்கிறதா? ஒரே சிக்னலில் வெளிச்சமும் நிறமும் கலந்து வரும். 4.43 மெகாஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும் நிறத்தைச் சரியாகப் பிரிக்காவிட்டால் படத்தில் புள்ளி புள்ளியாக ஓடும். எனக்கு அந்தப் பாடம் மண்டையில் ஏறியது லேபில் அல்ல. ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில்! வகுப்போடு டூர் போன அந்த இரவில்தான் வைணு பாப்புவை அறிந்துகொண்டேன்.

1927இல் சென்னையில் பிறந்தவர் பாப்பு. தந்தை ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஹார்வர்டில் படிக்கையில், 1949இல் இவர் கண்டுபிடித்த வால்நட்சத்திரத்துக்கு இவர் பெயரும் உண்டு.

மங்கலாகத் தெரியும் நட்சத்திரம் உண்மையிலேயே மங்கலா, இல்லை தூரத்தில் இருப்பதால் மங்கலா? நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. குட்டி நட்சத்திரமும் சிவப்பு, இராட்சச நட்சத்திரமும் சிவப்பு! கலிபோர்னியாவில் ஒலின் வில்சனும் பாப்புவும் நட்சத்திர ஒளியை நிறவாரியாகப் பிரித்தார்கள். கால்சியம் கோட்டின் நடுவே ஒளிரும் பகுதி எவ்வளவு அகலமோ, நட்சத்திரத்தின் உண்மைப் பிரகாசமும் அவ்வளவு அதிகம் என்று கண்டார்கள். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தூரமும் கிடைத்துவிடுமே! 1957இல் வெளியான இதுவே வில்சன்-பாப்பு விளைவு.

அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் 1953இலேயே தாயகம் திரும்பிவிட்டார். நைனிடாலில் வானாய்வகம் அமைத்து, 1960இல் கொடைக்கானல் வந்தார். அப்புறம் தென்வானமும் நன்றாகத் தெரியும் இடம் தேடி, காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே வைத்த முதல் தொலைநோக்கி, கொடைக்கானலில் நம்மவர்களே செய்த 38 செ.மீ. கருவி! 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1979இல் உலக வானியல் ஒன்றியத்துக்கே தலைவரானார்.

2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்வது அவர் கனவு. வேலை நடந்துகொண்டிருக்கையில், 1982 ஆகஸ்டில், மியூனிக்கில் காலமானார். நம் நாட்டுக்கு கலர் டிவி வந்ததும் அதே ஆண்டில்தான். 1986இல் தொலைநோக்கி திறக்கப்பட்டு, வானாய்வகமே அவர் பெயர் பெற்றது.

தான் பார்க்க முடியாமல் போன கருவியை நமக்காக விட்டுச் சென்றிருக்கிறார். மாணவத் தம்பி, தங்கைகளே! லேபில் கருவி இல்லையே என்று சலித்துக்கொள்ளும்போது, அந்த 38 செ.மீ. தொலைநோக்கியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.